டோக்கியோ கபுகிச்சோவில் தெருவில் யாராவது சாப்பிடக் கூப்பிட்டால் போகாதீர்கள்

அடுத்த சில மாதங்களில் ஜப்பான் போகிறவர்கள், அதிலும் ஜப்பானிய மொழி ஒரு வார்த்தைகூடத் தெரியாமல் போகிறவர்கள், இதைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். நானும் அக்காவும் ஒரே வேளைச் சாப்பாட்டுக்கு 18,480 யென் கொடுத்துவிட்டு வந்தோம். நம் பணத்தில் பத்தாயிரம் ரூபாய்க்கு மேல். மது ஒரு சொட்டு குடிக்கவில்லை. இறைச்சி, மீன் எதுவும் தொடவில்லை.

ஷின்ஜூகு ஸ்டேஷனின் கிழக்குப் பக்கம் இறங்கி நடந்தால் கபுகிச்சோ என்னும் கேளிக்கைப் பகுதி வரும். அங்கே ஒரு கட்டடத்தின் மேலே இருந்து காட்ஸில்லாவின் தலை எட்டிப்பார்க்கும். அதைப் பார்த்துப் படம் எடுக்கத்தான் போனோம். வெள்ளிக்கிழமை இரவு, சரியான மழை. தெருவில் ஒலிபெருக்கியில் ஏதோ ஓடிக்கொண்டே இருந்தது. விளம்பரம் என்று நினைத்தோம். கடைக்கு ஆள்பிடிப்பவர்களை நம்பிப் பின்னால் போகாதீர்கள் என்று எச்சரிக்கும் அறிவிப்பு அது என்பது இரண்டு நாள் கழித்துத்தான் தெரிந்தது.

அக்கா சுத்த சைவம். ஜப்பானில் அது எவ்வளவு கஷ்டம் என்று போனவர்களுக்குத் தெரியும். காய்கறி சூப் என்று கொடுப்பதிலும் மீன் சாறு கலந்த 'தாஷி' இருக்கும். பசியோடு நின்றபோது, குடை பிடித்த ஒரு பையன் சிரித்துக்கொண்டே வந்து ஆங்கிலத்தில் அச்சடித்த அட்டையை நீட்டினான். "வெஜிடபிள் ஓகே, ஒருவருக்கு 1,500 யென்" என்றான்.

"கடை நல்லா இருந்தா இவன் எதுக்குடி மழையில நின்னு கூப்பிடுறான்?" என்று அக்கா அப்போதே கேட்டாள். "ஜப்பான்ல எல்லாம் ஏமாத்த மாட்டாங்கக்கா" என்று சொன்னது நான்தான். அதற்கு முந்தின நாள்தான் ரயிலில் விட்ட என் கைப்பை அப்படியே திரும்பக் கிடைத்திருந்தது. அந்த நம்பிக்கையில் சொன்னேன்.

ஆறாவது மாடி. லிப்ட் கதவு திறந்தால் நேராகக் கடைக்குள். உட்கார்ந்ததும் சின்னக் கிண்ணத்தில் கடுகுக்கீரை மாதிரி ஏதோ வைத்தார்கள், மேலே பொடி மீன் தூவியிருந்தது. நாங்கள் கேட்கவில்லை, தொடவும் இல்லை. மெனு முழுக்க ஜப்பானியத்தில், கையால் எழுதியது. போன் கேமராவைக் காட்டினால் மொழிபெயர்ப்பு ஏதேதோ உளறியது. அவித்த சோயா பயறு, டோஃபு, உருளைக்கிழங்கு வறுவல், ஆளுக்கொரு சோற்று உருண்டை, ஆளுக்கொரு ஊலாங் டீ. அவ்வளவுதான் கேட்டோம்.

பில் என்று வந்தது ஒரு துண்டுக் காகிதம். அதில் மொத்தத் தொகை மட்டும். விவரம் கேட்டு அடம்பிடித்த பிறகுதான் வரிவரியாக எழுதிக் கொடுத்தார்கள். அதைப் படம் எடுத்து, டோக்கியோவிலேயே நிஷிகசாய் என்ற இடத்தில் வேலை பார்க்கும் எங்கள் உறவுக்காரப் பையனுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். அவன் படித்துச் சொன்னது இது. சாப்பாடும் டீயும் 5,600. தொடாத அந்தக் கிண்ணத்துக்கு ஆளுக்கு 1,200. உட்கார்ந்ததற்கு ஆளுக்கு 2,000. வெள்ளிக்கிழமை என்பதற்காக ஆளுக்கு 1,000. இத்தனைக்கும் மேல் சேவைக் கட்டணம் 20 சதவீதம், அதற்கும் மேல் வரி 10 சதவீதம். அட்டையில் இருந்த 1,500 எங்கே என்று கேட்டால், அது வேறு மெனு என்று போனில் தட்டிக் காட்டினார்கள். கூட்டிவந்த பையனைக் காணோம்.

ஒன்றை நியாயமாகச் சொல்லிவிடுகிறேன். அந்தச் சின்னக் கிண்ணத்துக்குப் பெயர் 'ஒதோஷி'. ஜப்பானில் மதுவோடு சாப்பாடு போடும் இசகாயாக் கடைகளில் அது சாதாரண வழக்கம், நல்ல கடையிலும் உண்டு. பொதுவாக 300 முதல் 500 யென் வரை வாங்குவார்கள். அதை ஏமாற்று என்று நினைத்துச் சண்டை போடாதீர்கள். இங்கே நடந்தது வேறு. இப்படிக் கட்டணத்துக்கு மேல் கட்டணம் ஏற்றிக் கறப்பதற்கு ஜப்பானியர்களே வைத்திருக்கும் சொல் 'போத்தாகுரி'.

வாசலில் இரண்டு பேர் நின்றுகொண்டார்கள். கை வைக்கவில்லை, மிரட்டவும் இல்லை, சும்மா நின்றார்கள். அக்காவின் கை நடுங்கியது. கார்டைத் தேய்த்து, பின் நம்பர் போட்டுவிட்டு இறங்கிவிட்டோம். நான் செய்த பெரிய தப்பு அதுதான். பக்கத்திலேயே 'கோபான்' என்னும் சின்னப் போலீஸ் சாவடி இருக்கிறது. அங்கே போனபோது அந்த இளம் அதிகாரி போனில் மொழிபெயர்ப்பாளரை வைத்து மரியாதையாகத்தான் பேசினார். ஆனால் பணம் கொடுத்து முடித்துவிட்டீர்கள், இனி இது உங்களுக்கும் கடைக்கும் உள்ள விவகாரம், நாங்கள் தலையிட முடியாது என்றார். ஊருக்கு வந்து வங்கியில் கேட்டால், நீங்களே பின் நம்பர் போட்டதாயிற்றே என்கிறார்கள்.

அதனால், இப்படி மாட்டினால் பணம் கொடுக்கும் முன்பே போலீஸை அழையுங்கள். எண் 110. அல்லது கோபானுக்குப் போய்ப் பேசலாம் என்று சொல்லுங்கள். ஜப்பான் சுற்றுலா அமைப்பு நடத்தும் உதவி எண் 050-3816-2787. இரவு பகல் எந்நேரமும் ஆங்கிலத்தில் பேசுவார்கள். அன்று எனக்கு இது தெரிந்திருந்தால் மேசையில் இருந்தபடியே அழைத்துப் போனைக் கடைக்காரரிடம் கொடுத்திருப்பேன்.

பசித்தால், கண்ணாடிக்குள் பிளாஸ்டிக் சாப்பாட்டையும் விலையையும் வைத்திருக்கும் கடைக்குப் போங்கள். வாசலில் மெஷினில் டிக்கெட் எடுத்துச் சாப்பிடும் கடைகளும் இருக்கின்றன, காசு முதலிலேயே முடிந்துவிடும். தெருவில் கூப்பிடுகிறவர் எவ்வளவு பணிவாகக் கூப்பிட்டாலும் நிற்காமல் நடந்துவிடுங்கள்.

உறவுக்காரப் பையன் சொல்லிக்கொடுத்த இரண்டு வாக்கியங்களைப் போனில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். உட்காரும் முன்பு: "ஸென்பு தெ இகுரா தெசு கா", எல்லாம் சேர்த்து எவ்வளவு என்று அர்த்தம். பில் வந்ததும்: "மேசாய் ஒ குதாசாய்", விவரமான பில் கொடுங்கள் என்று அர்த்தம். முதல் கேள்விக்கே நேரான பதில் வரவில்லை என்றால் லிப்ட் பொத்தானை அழுத்திவிடுங்கள்.