நடைபாதையா, சைக்கிள் தடமா, இலவச சைக்கிளா?

சென்னை மாநகராட்சி 2014இல் மோட்டார் இல்லாப் போக்குவரத்துக் கொள்கையை ஏற்றபோது, போக்குவரத்து நிதியில் குறைந்தது 60 சதவீதம் நடப்பவர்களுக்கும் சைக்கிள் ஓட்டுபவர்களுக்கும் என்று எழுதிவைத்தது. இப்படி நடையிலும் சைக்கிளிலும் போகிறவர்களுக்கு அரசு ஒதுக்கும் பணத்தை எதில் போட்டால் பலன் அதிகம்?

நகரத்துக்குள் என்றால், முதலில் நடைபாதை. சாலைகளுக்குத் தரம் வகுக்கும் அமைப்பான இந்திய சாலைக் காங்கிரஸின் நெறிமுறை கேட்பது தடங்கலில்லாத 1.8 மீட்டர் அகலம். விளிம்புக் கல் 150 மி.மீ.க்கு மேல் உயரக் கூடாது. சென்னையில் இது கெடுவது வடிகாலில். பல தெருக்களில் மழைநீர் வடிகாலின் மூடிதான் நடைபாதை. பழைய தாரைச் சுரண்டாமல் மேலேயே போட்டுப் போட்டுச் சாலை உயர்கிறது. அடுத்து கட்டும் வடிகால் அதைவிட உயரமாக வருகிறது. பிறகு வீட்டுக்கு வீடு கேட் எதிரே நடைபாதையை வெட்டிச் சரிவு போடுகிறார்கள். முழங்கால் வலிக்காரர் நாலு கேட் ஏறி இறங்கிப் பார்த்துவிட்டு ஐந்தாவதில் தெருவுக்கே வந்துவிடுகிறார். கேட் எதிரிலும் நடைபாதை மட்டம் மாறாமல் ஓட வேண்டும். வண்டி ஏறும் சரிவு வெளி ஓரத்து அரை மீட்டரில் அடங்க வேண்டும்.

இன்னொரு கோளாறு பில் போடும் முறை. நீளத்தை அளந்து ஒப்பந்ததாரருக்குப் பணம் கொடுத்தால், 2 மீட்டர் நடைபாதையில் மின்வாரியப் பில்லர் பாக்ஸ் ஒரு மீட்டரை அடைத்து நின்றாலும் பில் பாஸாகிவிடும். ஒரு முனையிலிருந்து மறு முனைவரை சக்கர நாற்காலியைத் தள்ளிப் பார்த்து, இறங்காமல் போக முடிந்தால் மட்டும் கடைசித் தவணையை விடுவிக்கலாம். 2019இல் திறந்த பாண்டி பஜார் நடைபாதை வளாகம் மக்களுக்குப் பிடித்துப்போகக் காரணம், காலுக்குக் கீழே மட்டம் மாறாமல் அகலமாக நடக்க முடிவதுதான்.

சைக்கிள் தடத்தைக் கடைசியில்தான் வைப்பேன். வெறும் வெள்ளைக்கோடு போட்டால் கடை திறந்ததும் அது பார்க்கிங். தடுப்புக்கல் வைத்து 2 மீட்டர் ஒதுக்கி, பேருந்து நிறுத்தத்துக்குப் பின்னால் தடத்தைத் திருப்பிவிட முடிகிற சாலைகளில் மட்டும் செலவழிக்கலாம்.

மாவட்டங்களில் கணக்கே வேறு. தமிழ்நாட்டு இலவச சைக்கிள் 11ஆம் வகுப்பில் கிடைக்கிறது. பக்கத்து ஊர் மேல்நிலைப் பள்ளிக்கு மாறி, தூரம் கூடும் வயது அது. பீகார் 2006இல் 9ஆம் வகுப்பு மாணவிகளுக்குக் கொடுக்கத் தொடங்கியது. உயர்நிலைப் பள்ளியில் பெண்கள் சேர்க்கை சுமார் 30 சதவீதம் கூடியதாக ஆய்வு காட்டியது. எந்த நடைபாதையும் இந்தப் பலனைத் தராது.

ஆனால் சைக்கிள் ஜூனில் வர வேண்டும். பாதிக் கல்வியாண்டு போன பிறகு வந்தால் அதுவரை பஸ்தான். அவசரமாகப் பூட்டியதில், பெடல் மாட்டிய கிராங்கை அச்சோடு இறுக்கும் காட்டர் பின் தளர்ந்திருந்தால், பெடல் ஒவ்வொரு சுற்றிலும் 'டக்' என்று அடிக்கும். அப்படியே ஓட்டினால் பின் தேய்ந்து கிராங்க் ஆடும். செயின் அதிகம் தளர்ந்தால் கழன்றுவிடும். கொடுத்து ஒரு மாதம் கழித்து பள்ளிக்கே மெக்கானிக்கை வரவழைத்து நட்டு முறுக்கவும் பெண்டு எடுக்கவும் திட்டத்திலேயே தொகை ஒதுக்கினால், பழுதாகி வீட்டு ஓரத்தில் சாய்ந்து கிடக்கும் சைக்கிள்கள் குறையும்.