கிளச் மிதி: கேபிளா, ஹைட்ரோலிக்கா?

மாலை நெரிசலில் கொழும்பின் காலி வீதியில் கொள்ளுப்பிட்டியிலிருந்து வெள்ளவத்தை வரை ஊர்ந்து செல்பவரின் இடது முழங்கால், தம்முடைய காரில் இருப்பது கம்பிவடம் இழுக்கும் கேபிள் கிளச்சா, ஒயில் அழுத்தத்தால் இயங்கும் ஹைட்ரோலிக் கிளச்சா என்பதை நன்கறியும். மிதியைச் சரிசெய்யும் முறையிலும் இவ்விரண்டும் வெவ்வேறு வழியிற் செல்வன.

சுசுகி ஆல்டோ போன்ற சிறிய கார்களில் உள்ள கேபிள் முறையில், கராஜ்களில் 'பிளே' எனப்படும் வெற்று அசைவே முதலிற் பார்க்கப்பட வேண்டியது. மிதியைக் கையால் மெல்ல அழுத்தி, எதிர்ப்புத் தட்டுப்படும் வரையான தூரத்தை அடிமட்டத்தால் அளக்க வேண்டும். பொதுவாக இது 10 முதல் 25 மில்லிமீற்றர் வரை இருக்கும்; சரியான அளவைக் காரின் கைநூலே சொல்லும். கியர்பெட்டியின் பக்கம் கேபிள் முனையிலுள்ள நட்டைத் திருகினால் அளவு மாறும். கிளச் தட்டு தேயத் தேயப் பிளே குறையும். அது முற்றாக இல்லாமற்போனால் மிதிக்கும்போது கிளச்சை விடுவிக்கும் ரிலீஸ் பெயரிங் ஓயாது சுழல்வதுடன், கிளச்சும் வழுக்கத் தொடங்கும். பிளே அளவு மீறினால் கிளச் முழுமையாக விடுபடாது, ரிவர்ஸ் கியர் போடும்போது பற்கள் உராயும் ஓசை எழும்.

ஹைட்ரோலிக் முறை தேய்மானத்தைத் தானே ஈடுசெய்துகொள்வதால் மிதி மாறாமலே இருக்கும். ஆகவே தட்டு தேய்ந்த செய்தியும் காலுக்கு எட்டாது. மிதியோடு இணைந்து ஒயிலை அழுத்தும் மாஸ்டர் சிலிண்டரின் தள்ளுகோலுக்குச் சிறிது இடைவெளி விட்டால் போதும். மிதி ஆழத்தில்தான் பிடிக்கிறது என்று அந்தக் கோலை நீட்டிக் கொடுப்பவர்கள் கொழும்பில் குறைவில்லை. இதை நான் ஏற்கமாட்டேன். இடைவெளி அற்றுப்போனால் ஒயில் தொட்டிக்குத் திரும்பும் துவாரம் மூடியே கிடந்து, சூட்டில் அழுத்தம் ஏறி, கிளச் வழுக்கும். குழாயிற் புகுந்த காற்றோ, கியர்பெட்டிப் பக்கம் கிளச்சைத் தள்ளும் ஸ்லேவ் சிலிண்டரின் கசிவோ கவனிக்கப்படாமல் அப்படியே தொடரும். மிதி பஞ்சுபோல அமுங்கினால் காற்றை வெளியேற்றுவதே முறை. அதற்கு மிதிக்க ஒருவரும் காற்று வெளியேறும் நிப்பிளைத் திறக்க ஒருவரும் தேவை. இம்முறையில் ஊற்றப்படும் பிரேக் ஒயில் ஈரத்தை உறிஞ்சும் என்பதால், கடற்கரையோர நகரில் அதைக் காலந்தவறாது மாற்றுவது நல்லது.

முழங்காலுக்கு இதம் ஹைட்ரோலிக். செலவுக்கும் சொந்தக் கைவேலைக்கும் கேபிள். பஞ்சிகாவத்தையில் உதிரிப்பாகம் தேடி அலைய விரும்பாதவருக்கு நான் கேபிளையே சொல்வேன், மிதி கனத்தால் நட்டைத் தொடுமுன் கேபிளின் உறை பிய்ந்திருக்கிறதா என்று பார்க்கும் பொறுமை அவரிடம் இருந்தால்.