கேஸ்போஃபங்கின் ஊசி: லைனில் ஒட்டிய கேண்டிடாவுக்கு எவ்வளவு தூரம் நம்பலாம்?

கேண்டிடா என்ற பூஞ்சை, ரத்தக்குழாயில் போட்ட லைனின் மேல் பசையோடு படலமாக ஒட்டிக்கொள்ளும். அந்தப் படலத்தை அழிக்கும் பெப்டைடு (சிறு புரதத் துண்டு) என்றால் ஆய்வுக்கூடங்களில் பேச்சு, நம் உடலே தயாரிக்கும் ஹிஸ்டாட்டின்-5, எல்எல்-37 பக்கம் போய்விடும். இரண்டும் ஆய்வுக்கூடத் தட்டில் பூஞ்சையை நன்றாகவே கொல்கின்றன. ஆனால் ரத்தத்தில் இருக்கும் அளவுக்கு உப்பைச் சேர்த்தால் ஹிஸ்டாட்டின் சோர்ந்துவிடும். போதாததற்கு கேண்டிடாவின் புரோட்டியேஸ் நொதிகளும் அதை நறுக்கித் தள்ளும். எல்எல்-37 சீரம் புரதங்களில் ஒட்டிக்கொண்டு வீணாகிறது. வார்டில் இன்று கைக்கு எட்டும் பெப்டைடு எக்கினோகேண்டின் வகைதான்: ஆறு அமினோ அமிலங்கள் கொண்ட வளையம், அதில் ஒரு கொழுப்பு வால். அவற்றில் முதலில் வந்தது கேஸ்போஃபங்கின். அமெரிக்க அனுமதி 2001இல் கிடைத்தது.

இது பூஞ்சையின் செல்சுவருக்கான பீட்டா-1,3-குளுக்கான் தயாரிப்பை நிறுத்துகிறது. படலத்தின் பசையிலும் அதே குளுக்கான் உண்டு. வழக்கமான பூஞ்சை மருந்தான ஃப்ளூகோனசோலைப் பிடித்து வைத்து உள்ளே விடாமல் தடுப்பது அதுதான். ஃப்ளூகோனசோல் தோற்கும் முதிர்ந்த படலத்திலும் கேஸ்போஃபங்கின் வேலை செய்வதற்கு இது ஒரு முக்கியக் காரணம். ஆனாலும் மருந்து ஏறுகிறதே என்று சென்ட்ரல் லைனை (பெரிய ரத்தநாளத்தில் போட்ட குழாயை) அப்படியே விட்டு வைக்கக் கூடாது. லைன்தான் மூலம் என்றால், எடுக்க முடிகிற நிலையில் உடனே எடுத்துவிட வேண்டும். லைன் உள்ளே இருக்க ரத்தக் கல்ச்சர் மறுபடி மறுபடி பாசிட்டிவ் வந்தால், மருந்தைக் குறை சொல்வதில் பயனில்லை.

தயாரிப்பில்தான் அதிகம் சொதப்புகிறது. குப்பியை 2 முதல் 8 டிகிரியில் வைத்திருந்து, அறை வெப்பத்துக்கு வந்தபின் கரைக்க வேண்டும். கரைக்கும் திரவத்தின் அளவு ஐரோப்பியக் குறிப்பில் 10.5 மி.லி., இப்போதைய அமெரிக்கக் குறிப்பில் 10.8 மி.லி. என்றிருக்கும், கையில் உள்ள பெட்டிக்குள் இருக்கும் தாளைப் பின்பற்றுங்கள். குலுக்காமல் மெதுவாகச் சுழற்றுங்கள். கலங்கலாக இருந்தால் பயன்படுத்த வேண்டாம். தெளிந்ததும் அதிலிருந்து 10 மி.லி. எடுத்து 250 மி.லி. நார்மல் சலைனிலோ ரிங்கர் லாக்டேட்டிலோ சேர்க்க வேண்டும். டெக்ஸ்ட்ரோஸ் பாட்டில் கூடவே கூடாது, அதில் மருந்து நிலைக்காது. டெக்ஸ்ட்ரோஸ் ஓடிக்கொண்டிருக்கும் லைனிலேயே இதையும் இணைப்பது அதே தப்புதான், வார்டில் அடிக்கடி நடப்பது. நீர் குறைத்துக் கொடுக்க வேண்டிய நோயாளிக்கு 50 மி.கி.யை 100 மி.லி.யில் போடலாம். 70 மி.கி.யை அப்படிப் போட்டால் 0.5 மி.கி./மி.லி. வரம்பைத் தாண்டிவிடும்.

பெரியவர்களுக்கு முதல் நாள் 70 மி.கி., பிறகு தினம் 50 மி.கி., ஒவ்வொன்றும் சுமார் ஒரு மணி நேரத்தில் ஏற வேண்டும். அவசரப்பட்டு ஏற்றினால் முகம் சிவத்தல், அரிப்பு, தடிப்பு வரலாம். சிறுநீரகக் கோளாறுக்கு அளவை மாற்ற வேண்டாம், டயாலிசிஸிலும் வெளியேறாது. ஐசியூவில் இதன் பெரிய வசதி இதுவே. கல்லீரல் மிதமாகப் பழுதானவர்களுக்கு முதல் டோஸ் 70 என்றே இருக்கும், தொடர் டோஸ் 35 மி.கி. காசநோய்க்கு ரிஃபாம்பிசின் எடுப்பவருக்குத் தினம் 70 மி.கி. தேவை. நம் ஊரில் மருந்துச் சீட்டைப் பார்த்தவுடன் கேட்க வேண்டிய கேள்வி இது.

எங்கே கைவிடும்? சிறுநீரில் மருந்தாக வெளியேறுவது மிகச் சொற்பம், எனவே கத்தீட்டர் போட்டவரின் சிறுநீர்க் கேண்டிடாவுக்கு நம்ப முடியாது. கண்ணுக்குள்ளும் மூளைத் தண்டுவட நீரிலும் போதிய அளவு சேராது. அதனால்தான் கேண்டிடா ரத்தத்தில் இருப்பவருக்குக் கண் பரிசோதனையைத் தவறவிடக் கூடாது. கிரிப்டோகாக்கஸ், மியூக்கர் என்ற வேறு பூஞ்சைகள் இரண்டிலும் பலிக்காது. கேண்டிடாவில் பாராசிலோசிஸ் இனத்துக்கு இயல்பிலேயே கூடுதல் செறிவு வேண்டியிருக்கும். ஆய்வுக்கூடத்தில் செறிவை ஏற்ற ஏற்ற கேண்டிடா அல்பிகன்ஸ் இனத்தின் சில திரிபுகள் மீண்டும் வளரும் விநோதமும் உண்டு. பூஞ்சை சுவரில் கைட்டின் என்ற இன்னொரு கட்டுமானப் பொருளைக் கூட்டிக்கொண்டு சமாளிப்பதே அதற்குக் காரணம். எனவே பலன் தெரியவில்லை என்று டோஸை இரட்டிப்பாக்குவது தீர்வாகாது.

இதே வகையைச் சேர்ந்த மைகாஃபங்கினில் தினம் 100 மி.கி. போதும், லோடிங் டோஸ் (முதல் நாள் கூடுதல் அளவு) கணக்கு இல்லை, டெக்ஸ்ட்ரோஸிலும் கலக்கலாம். நர்ஸ்கள் குறைவான வார்டுக்கு நாங்கள் அதையே சொல்வோம். 2023இல் அமெரிக்க அனுமதி பெற்ற ரெசாஃபங்கினும் இதே வகைதான், வாரம் ஒருமுறை மருந்து.

ஃப்ளூகோனசோல் மாத்திரைக்கு இறக்குவதை வழக்கமாக 5 முதல் 7 நாளில் யோசிக்கலாம்: நோயாளி நிலையாக இருக்க வேண்டும், கல்ச்சர் சுத்தமாகியிருக்க வேண்டும், கிருமியும் அதற்கு மடங்குவதாக இருக்க வேண்டும். படலம் படிந்த லைன் இன்னும் உள்ளே இருக்கும்போது இறக்கினால் மீண்டும் காய்ச்சல் வர வாய்ப்பு அதிகம். எந்த மருந்துக்குக் கிருமி மடங்கும் என்று சொல்லும் சென்சிடிவிட்டி ரிப்போர்ட்டில் கேஸ்போஃபங்கின் எண்ணை மட்டும் பார்த்து முடிவெடுக்காதீர்கள். அந்தச் சோதனை லேபுக்கு லேப் மாறுவதால் இச்சோதனைகளுக்கு அளவுகோல் வகுக்கும் ஐரோப்பிய அமைப்பான யூகாஸ்ட், மருந்து பலிக்குமா என்று பிரிக்கும் எல்லை எண்ணே அதற்கு வைக்கவில்லை. மைகாஃபங்கின் அல்லது அதே வகை அனிடுலாஃபங்கின் முடிவைக் கேட்டு வாங்குங்கள்.