ஓக்லண்டில் நாலு போர்ஷன் வீடு: வரிக்கு எந்தக் கணக்கை நம்புவது?

கலிபோர்னியாவின் ஓக்லண்டில் நாலு போர்ஷன் வீடு ஒன்று 12 லட்சம் டாலருக்கு வருகிறது என்று வைத்துக்கொள்வோம். சொத்து வரி எவ்வளவு வரும்?

பலரும் முதலில் கேட்பது விற்பவரின் பழைய பில்லை. கவுண்டி, அதாவது மாவட்ட நிர்வாகம், அனுப்பிய காகிதம், நம்பத்தான் தோன்றும். கலிபோர்னியாவில் ஆளைக் கவிழ்ப்பதும் இதுதான். 1978-இல் மக்கள் ஓட்டில் வந்த ப்ரபோசிஷன் 13 என்கிற சட்டத்தின்படி, வரிக்கான மதிப்பு வருடத்துக்கு 2 சதவீதத்துக்கு மேல் ஏறாது. வீடு கைமாறும்போதுதான் சந்தை விலைக்குத் தாவும். அவர் 1985-இல் 1.5 லட்சத்துக்கு வாங்கியிருந்தால், வருடம் தவறாமல் 2 சதவீதம் ஏறியிருந்தாலும் 2025-இல் மதிப்பு 3.31 லட்சம்தான். வரி வீதம் 1.35 சதவீதம் என்று கொண்டால் அவர் கட்டுவது சுமார் 4,470 டாலர். அதே வீட்டுக்கு நீங்கள் கட்டப்போவது 16,200.

அடுத்தது, "விலையில் ஒரு சதவீதம் போட்டுக்கோங்க" என்கிற வாய்க்கணக்கு. 12,000 வரும். பழைய பில்லுக்கு இது தேவலை. ஆனால் அந்த ஒரு சதவீதம் அடிப்படை மட்டுமே. மக்கள் ஓட்டுப் போட்டு ஒப்புக்கொண்ட பாண்டுக் கடன்களுக்கான வரி அதன்மேல் ஏறும். போதாததற்கு பார்சல் டாக்ஸ், அதாவது மனைக்கு இவ்வளவு என்று போடும் வரி. அது வீட்டு மதிப்பைப் பார்ப்பதில்லை. ஓக்லண்டில் சிலவற்றை போர்ஷன் கணக்கில் எண்ணுவார்கள், பக்கத்து பெர்க்லியில் கட்டடத்தின் சதுர அடியை அளப்பார்கள்.

நான் செய்வது மூன்றாவது. அந்தப் பழைய பில்லையே வாங்கி, மதிப்பை மட்டும் பேனாவால் அடித்துவிட்டு நம் விலையை எழுதி, அதில் உள்ள வீதத்தாலேயே பெருக்குவது. பார்சல் டாக்ஸ் மாதிரி, ஃபிக்ஸ்டு சார்ஜ் என்று தனியாக இருக்கும் வரிகளை அப்படியே கூட்டிக்கொள்ளலாம். விற்பவர் வயதானவர் என்றால் ஒன்றைக் கேளுங்கள்: அந்த வரிகளில் வயதுக்கான சலுகை ஏதாவது வாங்கியிருக்கிறாரா? அது அவரோடு போய்விடும். நீங்களே ஒரு போர்ஷனில் குடியிருந்தால் மதிப்பில் 7,000 டாலர் கழிப்பார்கள். வரியில் மிச்சமாவது வருடம் நூறு டாலர்கூட இல்லை, பெரிதாக எதிர்பார்க்க வேண்டாம்.

சரி, மூன்று கணக்கிலும் சிக்காதது ஒன்று இருக்கிறது: சப்ளிமெண்டல் பில். அக்டோபரில் வாங்கினால், பழைய மதிப்புக்கும் புதியதற்கும் உள்ள வித்தியாசத்துக்கு வரி வருடம் முடியும் ஜூன் வரை மிச்சமுள்ள எட்டு மாத வரியைத் தனியாகக் கேட்பார்கள். மேலே சொன்ன வீட்டுக்கு அது ஏறக்குறைய 7,860 டாலர். பெரும்பாலும் வரி கட்ட மாதாமாதம் பணம் பிடித்து வைக்கும் பேங்கின் எஸ்க்ரோ கணக்குக்குப் போகாமல் நேராக உங்கள் தபால் பெட்டிக்கே வரும், அதுவும் குடிபோய்ச் சில மாதம் கழித்து.