ச.ம.உ. கடிதங்களுக்குப் பதில் வரைவு: இ-ஆபீஸோடு நீண்ட நாள் பழகிய அனுபவம்

காகிதக் கோப்புக் காலத்திலும் சரி, கோப்புகளைக் கணினியிலேயே நகர்த்தும் இ-ஆபீஸ் வந்த பிறகும் சரி, என் செக்‌ஷனுக்கு வரும் தபாலில் சட்டமன்ற உறுப்பினர் (ச.ம.உ.), நாடாளுமன்ற உறுப்பினர் கடிதங்களுக்குத் தனி இடம் உண்டு. வேலூர் மாவட்டத்தில் வளர்ச்சிப் பணிகளைப் பார்க்கும் ஓர் அரசு அலுவலகம் எங்களுடையது. இந்த இருக்கைக்குப் புதிதாக வரும் தம்பி தங்கைகள், "இ-ஆபீஸ்ல இந்த வேலை எப்படி இருக்கு அக்கா?" என்று கேட்கிறார்கள். கோப்பைத் தேடி அலையும் பாடு பெருமளவு போய்விட்டது. எழுதும் பாடு அப்படியேதான் இருக்கிறது, அது இருக்கவும் வேண்டும். ஏன் என்று கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் நல்லது. தபால் வந்ததும் ஸ்கேன் ஆகி ரசீதாகப் பதிவாகிறது. பதிவின்போதே இது மக்கள் பிரதிநிதியின் கடிதம் என்று குறித்துவிடலாம். மாற்றி எழுதக்கூடிய மஞ்சள் குறிப்பில் எழுதிப் பார்த்து, தெளிந்ததும் இறுதியான பச்சைக் குறிப்பாக்கிச் சூப்பிரண்டுக்கு அனுப்பலாம். பச்சைக் குறிப்பாகி மேலே போனபின் அதில் யாரும் கை வைக்க முடியாது. பதிலுக்கான வரைவை அதே கோப்பில் டி.எஃப்.ஏ.வாக (ஒப்புதலுக்கான வரைவாக) உருவாக்கினால், யார் எந்தத் திருத்தம் செய்தார் என்பது பதிப்பு வாரியாக நிற்கிறது. எனக்கு எல்லாவற்றையும்விட உதவியது கோப்பு நகர்வுப் பட்டியல். முன்பெல்லாம் எம்.எல்.ஏ. ஆபீஸிலிருந்து உதவியாளர் போன் செய்தால், "கோப்பு சுற்றுல இருக்குங்க சார்" என்பதற்கு மேல் சொல்ல ஒன்றும் இருக்காது. என் இருக்கைக்கு வரும் தபால்களைக் குறித்துவைக்கும் தன்பதிவேட்டைப் புரட்டினால் நான் எப்போது அனுப்பினேன் என்பது தெரியும். அந்த நேரத்தில் எந்த மேசையில் கிடக்கிறது என்பது தெரியாது. இன்று போனைக் காதில் வைத்தபடியே பார்த்துச் சொல்லிவிடுகிறேன்.

காலக்கெடு விஷயத்திலும் இது கைகொடுக்கிறது. மத்திய அரசு அலுவலகங்களுக்கான நடைமுறைக் கையேடு, நாடாளுமன்ற உறுப்பினரின் கடிதம் கிடைத்ததை 15 நாளுக்குள் தெரிவித்து, அடுத்த 15 நாளுக்குள் பதில் தரச் சொல்கிறது. தாமதமாகும் என்று தெரிந்தால் இடைக்காலப் பதில் அனுப்ப வேண்டும். அது மத்திய அலுவலகங்களுக்கானது என்றாலும், ச.ம.உ. கடிதங்களுக்கும் எங்கள் செக்‌ஷனில் அதையே அளவாக வைத்துக்கொண்டோம். அளவு ஒன்று இருந்தால்தான் எது நிலுவை என்று தெரியும்.

தமிழ்த் தட்டச்சு பற்றியும் கேட்கிறார்கள். யூனிகோடு, தமிழ்99 விசைப்பலகை, மருதம் எழுத்துரு, இவை போதும். பழைய எழுத்துருவில் அடித்துவைத்த வரைவுகளை எடுத்து ஒட்டினால் கோடும் புள்ளியுமாக வரும். மாற்றியில் போட்டு மாற்றலாம் என்றாலும், ஒற்றும் கொம்பும் இடம் மாறியிருக்கிறதா என்று வரிவரியாகப் பார்க்க வேண்டும். புதிதாக அடிப்பதே மேல்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். இ-ஆபீஸில் பழைய வரைவு கண்ணெதிரே கிடைப்பது பெரிய வசதி. அதிலேயே பெரிய ஆபத்தும் இருக்கிறது. போன வருடம் ஒரு சாலைக்கு எழுதிய பதிலை எடுத்து, ஊர் பெயரையும் நாளையும் மாற்றி, "தங்கள் கோரிக்கை பரிசீலனையில் உள்ளது, நிதி நிலைக்கேற்ப நடவடிக்கை மேற்கொள்ளப்படும் என்ற விவரத்தினைத் தெரிவித்துக் கொள்கிறேன்" என்று முடித்துவிடலாம். வரைவு அன்றைக்கே ஒப்புதலாகிவிடும், நிலுவைப் பட்டியலில் ஒன்று குறையும். ஆனால் அந்தக் கடிதம் எங்கே போகிறது? எம்.எல்.ஏ. அதைத் தன் மேசையில் வைத்துக்கொள்வதில்லை. மனு கொடுத்த ஊர்க்காரர் கையில் கொடுக்கிறார், அல்லது ஊருக்குப் போகும்போது படித்துக் காட்டுகிறார். மழையில் சேற்றில் இறங்கி நடக்கும் ஒரு குடும்பத்துக்கு "பரிசீலனையில்" என்ற சொல் எதையும் சொல்வதில்லை. அதே மத்தியக் கையேடு, நாடாளுமன்ற உறுப்பினர்களுக்கு அச்சடித்து வைத்த பதில்களை இயன்றவரை தவிர்க்கச் சொல்கிறது. வெட்டி ஒட்டிய வரைவும் அச்சடித்த பதில்தான் என்பது என் உறுதியான கருத்து.

எங்கள் சூப்பிரண்டு ஐயா இப்போது ஓய்வு பெற்றுவிட்டார். ஒருமுறை என் வரைவைத் திருப்பி அனுப்பிவிட்டு, நேரில் கூப்பிட்டுச் சொன்னார்: "ஏம்மா, எம்.எல்.ஏ. இத ஊர்ல நின்னு படிப்பாரும்மா. கேக்கறவங்களுக்கு மூணு விஷயம் புரியணும். வேலை யாருது, இப்ப எதுல நிக்குது, அடுத்து என்ன. இது மூணும் இல்லாம எங்கிட்ட அனுப்பாத." அன்றிலிருந்து எல்லா வரைவையும் அந்த மூன்று கேள்வியோடுதான் படிக்கிறேன்.

"வேலை யாருது" என்பது எங்கள் மாவட்டத்தில் லேசான கேள்வி இல்லை. 2019-ல் வேலூர் மாவட்டத்திலிருந்து ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் பிரிந்தபின், வேலூர், காட்பாடி, அணைக்கட்டு, கே.வி.குப்பம், குடியாத்தம் என ஐந்து சட்டமன்றத் தொகுதிகள் எங்களுக்கு. ஆனால் காட்பாடி, அரக்கோணம் நாடாளுமன்றத் தொகுதியில் இருக்கிறது. ஆம்பூரும் வாணியம்பாடியும் வேலூர் நாடாளுமன்றத் தொகுதியில் இருந்தாலும், மாவட்டம் திருப்பத்தூர். ஒரு எம்.பி. ஒரே கடிதத்தில் ஐந்து ஊர்களின் வேலையைக் கேட்டால், மூன்று எங்களுடையதாகவும் இரண்டு பக்கத்து மாவட்டத்துடையதாகவும் இருக்கும். சாலைகளும் அப்படித்தான். சத்துவாச்சாரி பக்கம் சென்னை - பெங்களூரு நெடுஞ்சாலையில் ஒரு சர்வீஸ் ரோடு கேட்டால், அது தேசிய நெடுஞ்சாலை ஆணையத்தின் வேலை. ஊருக்குள் பிரியும் சாலை மாநில நெடுஞ்சாலைத் துறையுடையதா, ஒன்றியச் சாலையா, ஊராட்சிச் சாலையா என்று பதிவேட்டைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். குடிநீரில் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தின் பெரிய குழாய் வரை குடிநீர் வாரியம்; தெருக்குழாய் உள்ளாட்சி. "உரிய துறைக்கு மாற்றி அனுப்பப்பட்டது" என்று எழுதினால் வேலை முடிந்ததாக நினைத்துவிடக் கூடாது. எந்த அலுவலகத்துக்கு, எந்த நாளில், எந்த எண்ணிட்ட கடிதத்தில் அனுப்பினோம் என்று எழுதி நகலையும் இணைத்தால், அடுத்த போன் சரியான இடத்துக்குப் போகும்.

ஓர் உதாரணத்தை முழுதாகச் சொல்கிறேன். அணைக்கட்டு பக்கம் ஜவ்வாது மலையில் பீஞ்சமந்தை, ஜார்த்தான்கொல்லை, பாலாம்பட்டு ஊராட்சிகள் இருக்கின்றன. அங்குள்ள குக்கிராமங்களுக்குச் சாலை கேட்டு வரும் கடிதங்கள்தான் என் மனதை மிகவும் பிசைபவை. பிரசவ வலி வந்தாலும் பாம்பு கடித்தாலும் கீழே இறங்க வழி வேண்டும் என்பதுதான் கோரிக்கை. இதற்குப் பழைய மாதிரியில் "வனத்துறை அனுமதி பெறப்பட வேண்டியுள்ளது" என்று ஒரு வரி இருக்கும். உண்மைதான், ஆனால் பாதி உண்மை. எந்த அனுமதி? வனப் பாதுகாப்புச் சட்டம் 1980-இன்படி என்றால் இணையவழி விண்ணப்பம், எடுக்கும் காட்டுக்கு ஈடாக வேறு நிலம், மரம் நட நிதி என்று நீண்ட வழி. வன உரிமைச் சட்டம் 2006-இன் பிரிவு 3(2)-இன்படி என்றால், ஒரு வேலைக்கு 1 ஹெக்டேருக்குக் குறைவான வன நிலம், ஹெக்டேருக்கு 75 மரத்துக்கு மேல் வெட்டக் கூடாது, கிராம சபையின் பரிந்துரை வேண்டும். இவை பொருந்தினால் மாவட்ட வன அலுவலர் அளவிலேயே முடியும். சாலைக்கு 6 மீட்டர் அகலம் எடுத்தால் 1 ஹெக்டேர் என்பது சுமார் 1,667 மீட்டர் நீளம். அப்படியானால் காட்டுக்குள் போகும் நீளம் எவ்வளவு என்பதுதான் முதல் கேள்வி. அது தெரியாமல் வரைவு எழுதவே கூடாது.

அதனால் பி.டி.ஓ. (வட்டார வளர்ச்சி அலுவலர்) ஆபீஸிலிருந்து நீளமும் வன எல்லையும் குறித்த அறிக்கை கேட்டு, அது வந்தபின் எழுதிய வரைவின் இரண்டாம் பத்தி இப்படி அமைந்தது: "இச்சாலையில் காப்புக்காட்டின் வழியே செல்லும் பகுதி 1 ஹெக்டேருக்குள் அடங்குகிறது. எனவே வன உரிமைச் சட்டத்தின்கீழ் அனுமதி கோரலாம். இதற்குக் கிராம சபைத் தீர்மானம் தேவை. வரும் கிராம சபைக் கூட்டத்தில் இப்பொருள் வைக்கப்படும். தீர்மானம் கிடைத்ததும் வனத்துறையுடன் கூட்டுப் புலத்தணிக்கை செய்து விண்ணப்பம் அனுப்பப்படும்." இதில் அலங்காரம் ஏதுமில்லை. ஆனால் படிக்கும் ஊர்க்காரருக்குத் தான் கிராம சபைக்குப் போக வேண்டும், கையெழுத்துப் போட வேண்டும் என்பது தெரிகிறது. எம்.எல்.ஏ.வுக்கும் யாரிடம் பேச வேண்டும் என்பது தெரிகிறது.

முடியாது என்று எழுத வேண்டிய கடிதங்களும் உண்டு. அங்கேதான் நாம் அதிகமாகச் சுற்றி வளைக்கிறோம். விதி இடம் தரவில்லை என்றால் எந்த விதி என்று சொல்லிவிடுங்கள். நிதி இல்லை என்றால் மதிப்பீடு எவ்வளவு, எந்தத் திட்டத்தில் பொருந்தும் என்று சொல்லுங்கள். சட்டமன்ற உறுப்பினருக்கு ஆண்டுக்கு 3 கோடி ரூபாய் தொகுதி மேம்பாட்டு நிதி இருக்கிறது. சிறிய கல்வெர்ட்டு, நிழற்குடை போன்றவற்றுக்கு மதிப்பீட்டோடு பதில் போனால் அவரே பரிந்துரைக் கடிதம் தந்துவிடுகிறார். 2022-ல் 234 உறுப்பினர்களிடமும் தொகுதிக்குப் பத்து முக்கியக் கோரிக்கைகளை மாவட்ட ஆட்சியரிடம் தருமாறு முதலமைச்சர் கேட்டுக்கொண்டார். பத்தில் ஒன்றாக ஏற்கெனவே சேர்ந்த வேலைக்குத் தனியாக இன்னொரு கடிதம் வரும்போது, இரண்டு பதிலும் ஒன்றுக்கொன்று முரண்படாமல் பார்ப்பது நம் பொறுப்பு. இ-ஆபீஸில் பொருள் வரியைச் சரியாகத் தட்டச்சு செய்திருந்தால் இரண்டையும் தேடிச் சேர்த்துவிடலாம். பொருள் வரியில் ஊர், ஊராட்சி, ஒன்றியம், தொகுதி நான்கும் இருக்கட்டும். "சாலை வசதி - தொடர்பாக" என்று மட்டும் இருந்தால் பிறகு யாராலும் தேட முடியாது.

நடையைப் பற்றி ஒரே ஒரு விருப்பம். எம்.எல்.ஏ.க்குப் போகும் நேர்முகக் கடிதத்தில் மரியாதை முதல் வரியிலும் கடைசி வரியிலும் இருந்தால் போதும். நடுவில் "மேற்படி", "மேற்காண்", "மேற்குறித்த" என்று அடுக்குவதற்குப் பதில் ஊரின் பெயரையே எழுதலாம்.

கடைசியாக, தொடர் நடவடிக்கை நாள். பதிலில் கிராம சபை, கூட்டுப் புலத்தணிக்கை என்று ஏதாவது சொல்லியிருந்தால், கோப்பை முடித்துவிடாமல் அந்த நாளைக் குறித்து வைக்கிறேன். நாள் வந்ததும் எம்.எல்.ஏ. ஆபீஸிலிருந்து நினைவூட்டு வருவதற்கு முன்பே நாமே இரண்டாவது கடிதம் எழுதலாம். அதற்கு மாதிரி கேட்பவர்களுக்கு: பொருள் வரியை மாற்ற வேண்டாம். முந்தைய கடிதங்களைக் குறிக்கும் 'பார்வை' பகுதியில் அவர்கள் கடிதத்தோடு நம் முதல் பதிலின் எண்ணையும் நாளையும் சேர்த்துப் போடுங்கள். முதல் பத்தியில் அன்று சொன்னது, இரண்டாம் பத்தியில் இன்றைய நிலை. நடக்கவில்லை என்றால் நடக்கவில்லை என்றே எழுதி, காரணத்தையும் அடுத்த நாளையும் குறிப்பிடுங்கள். ஒரு பக்கத்துக்கு மேல் போகாது.