கிரெட்ஸ்கியா, ஒவெச்கினா?

ஐஸ் ஹாக்கியில் கோல் அடிப்பதில் யார் பெரியவர்? 2025 ஏப்ரல் 6 அன்று அலெக்ஸ் ஒவெச்கின் தன் 895-வது கோலை அடித்து, வேய்ன் கிரெட்ஸ்கியின் 894-ஐ முந்தினார். அது ஒவெச்கினின் 1,487-வது ஆட்டம். வட அமெரிக்க ஐஸ் ஹாக்கி லீக்கான என்எச்எல்லில் கிரெட்ஸ்கி ஆடிய மொத்த ஆட்டங்களும் அதே 1,487தான்!

எண்ணிக்கையை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொன்னால் தப்பாகிவிடும். கிரெட்ஸ்கி 92 கோல் அடித்த 1981-82 சீசனில், ஓர் ஆட்டத்துக்கு இரு அணியும் சேர்ந்து சராசரி 8 கோல். ஒவெச்கின் 65 அடித்த 2007-08-இல் அது ஏறக்குறைய 5.5. அதனால் இரண்டையும் ஒப்பிட, 92-ஐ 5.5-ஆல் பெருக்கி 8-ஆல் வகுக்க வேண்டும், விடை 63. அன்று சீசனுக்கு 80 ஆட்டம், பின்னர் 82. அதையும் சரிசெய்தால் ஏறத்தாழ 65. இரண்டு உச்சங்களும் ஒரே உயரம்!

கோல் குறைந்ததற்கு முக்கியக் காரணம் கோல்கீப்பர்கள். அவர்களின் கால்காப்புப் பட்டைகள் பெரிதாயின. முழங்காலை மடக்கிக் கீழ்ப்பகுதியை அடைக்கும் பாணி பரவியது.

ஒவெச்கினின் இடம், எதிரணி வலைக்கு முன்னே பனித்தளத்தில் வரைந்திருக்கும் இடப்பக்க வட்டம். வலக்கை ஆட்டக்காரர் என்பதால், குறுக்கே வரும் பாஸை நிறுத்தாமலே அறைவார். பவர் பிளேயில் (தண்டனையால் எதிரணியில் ஆள் குறைந்திருக்கும் நேரம்) மட்டும் 300-க்கு மேல் கோல், கிரெட்ஸ்கிக்கு 204. 895-வதும் அந்த வட்டத்திலிருந்து, பவர் பிளேயில் வந்ததுதான்.

கோல் அடிப்பதில் என் வாக்கு ஒவெச்கினுக்கே. ஆனால் வலைக்குப் பின்னால் நின்று பிறருக்கு அமைத்துக் கொடுப்பதில் பேர்பெற்ற கிரெட்ஸ்கியின் அசிஸ்ட் (பிறர் கோலுக்கு வழிவகுத்த பாஸ்) 1,963. வேறு எவருடைய கோல்களையும் அசிஸ்ட்களையும் கூட்டினாலும் அந்த எண்ணைத் தொடவில்லை.