சிஸ்வாதி மெட்ரிக் தேர்வு: பழைய வினாத்தாளா, பாடநூலா?

தென்னாப்பிரிக்காவின் ம்புமலாங்கா மாகாணத்தில் சிஸ்வாதி மொழியைத் தாய்மொழிப் பாடமாக எடுத்தவர்கள், வீட்டில் பேசுகிற மொழிதானே என்று கடைசி வாரம் வரை விட்டுவிடாதீர்கள், ஏனென்றால் இதில் 40 சதவீதம் எடுக்காவிட்டால் மெட்ரிக் (அங்கே 12ஆம் வகுப்பு இறுதித் தேர்வு) சான்றிதழே கிடைக்காது.

முதல் தாளுக்கு (70 மதிப்பெண்) பழைய வினாத்தாள்தான் சரி. பத்தியைப் படித்துப் பதில், சுருக்கி எழுதுதல், இலக்கணம் என்று அமைப்பு பெரிதாக மாறுவதில்லை. கல்வித்துறை இணையதளத்தில் விடைக்குறிப்போடு இலவசமாகவே கிடைக்கிறது.

80 மதிப்பெண் இலக்கியத் தாளில் அந்த வழி எடுபடாது. நாவலையும் நாடகத்தையும் முழுசாகப் படிக்காமல் விடைக்குறிப்பை மனப்பாடம் செய்தால், கேள்வி கொஞ்சம் திரும்பினாலே மாட்டிக்கொள்வீர்கள். அப்புறம் இன்னொரு விஷயம், எனக்கு இதுதான் பெரிய கவலை: சிஸ்வாதியும் ஜூலுவும் ங்குனி என்ற ஒரே மொழிக் குழுவைச் சேர்ந்த நெருங்கிய மொழிகள், காதில் ஜூலு விழுந்துகொண்டே இருப்பதால் எழுதும்போது ஜூலு எழுத்துக்கூட்டல் தானாக உள்ளே வந்துவிடுகிறது. அதைச் சரிசெய்ய நல்ல சிஸ்வாதி உரைநடையைத் தினமும் படிப்பதுதான் வழி, அந்தப் பலன் 100 மதிப்பெண் கட்டுரைத் தாளிலும் தெரியும்.

என்னைக் கேட்டால் ஆண்டின் முதல் பாதி முழுக்கப் பாடநூல், செப்டம்பர் முன்தேர்வு நெருங்கும்போது வினாத்தாள். கட்டுரையை மட்டும் கடிகாரம் வைத்துக் கையால் எழுதி, ஆசிரியரிடம் கொடுத்துத் திருத்தி வாங்குங்கள்.